தண்டவாளத்தில் கரண்ட் வேண்டாம்... பரணில் கிடக்கும் குட்டி ரயிலை ரிமோட்டில் ஓட்டலாம்!

சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடுகிற ஒரு ரயிலின் பெயர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஆனால், அது ஏற்காட்டுக்கு வராது. சேலம் ஜங்ஷனில் நின்று, மலைக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டு அப்படியே ஈரோட்டுக்குப் போய்விடும். சேர்வராயன் மலையில் தண்டவாளமே கிடையாது. கரடியூர்ப் பிள்ளைகளுக்கு ரயில் பார்க்க ஆசை வந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலத்துக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால், ரயிலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு ரயில் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்தது, தாத்தா ஆசையாகச் சேர்த்தது என்று ஏதோ ஒன்று. எடுத்துத் துடைத்து, தண்டவாளத்தை மாட்டி, கரண்ட் கொடுத்தால் நாலு அடி ஓடும், நிக்கும். விரலால் தள்ளிவிட்டால் மறுபடி நாலு அடி. ‘மோட்டார் போச்சுப்பா’ என்று பெட்டியை மூடிவிடுவோம். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. அதற்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஓடிக்கிட்டே இருந்தது, ஏன் நிக்குது?

வழக்கமான மாடல் ரயிலில் கரண்ட் வருவது தண்டவாளம் வழியாக. ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். சக்கரம் அதைத் தொட்டு எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. அதிகபட்சம் 12 வோல்ட். வோல்டேஜைக் கூட்டினால் வேகம். பிளஸ், மைனஸை மாற்றினால் ரிவர்ஸ்.

சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஊசிமுனை அளவுதான். அங்கே மெல்லிய அழுக்கோ, ஆக்ஸைடு படலமோ படிந்தால் கரண்ட் அறுந்துவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில் உலோகத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். நிக்கல் சில்வர் கொஞ்சம் தாங்கும். அதையும் துடைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பருத்தித் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது போடுகிற கீறல்களில் அழுக்கு இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு வழி இருக்கு

முதல் வழி டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாடு. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். அதிலேயே கட்டளைகளும் துடிப்புகளாகப் போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படியும். புது டீகோடரின் எண் பொதுவாக 3. அதை நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒரே தண்டவாளத்தில் நாலு எஞ்சினை நாலு வேகத்தில் ஓட்டலாம். ஆர்டுயினோ மெகா போர்டையும் ஒரு மோட்டார் ஷீல்டையும் வைத்தே இதற்கான கன்ட்ரோலரை வீட்டில் அமைக்க, டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் உதவுகிறது.

ஆனால், இதிலும் கரண்ட் வருவது தண்டவாளம் வழியாகத்தான். கரடியூரில் அந்தத் துணியும் ஆல்கஹாலும் கையைவிட்டுப் போகாது.

இரண்டாவது வழி, பேட்டரியையும் ரேடியோவையும் எஞ்சினுக்குள்ளேயே வைத்துவிடுவது. மாடல் ரயில்காரர்கள் இதை ‘டெட் ரயில்’ என்கிறார்கள். தண்டவாளத்தில் உயிர் இல்லை, எஞ்சினில்தான் இருக்கிறது என்று அர்த்தம். தண்டவாளம் துருப்பிடித்தால் என்ன, பிளாஸ்டிக்காக இருந்தால்தான் என்ன? வண்டி ஓடும். மழை நாளில் கரண்ட் போனாலும் ஓடும். பெரிய லேஅவுட்டும் நிறைய எஞ்சின்களும் இருந்தால் டிசிசி. ஒரே எஞ்சின், ஈரமான ஊர் என்றால் பேட்டரி. இனி நாம் பார்க்கப்போவது பேட்டரி வழியைத்தான்.

திறக்கிறதுக்கு முன்னாடி...

தாத்தாவின் ரயில் என்றால் முதல் கேள்வி, இதைத் தொடலாமா? தொடலாம், ஒரு நிபந்தனையோடு. எதையும் வெட்டாதீர்கள். கழற்றலாம், மாட்டலாம், அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்க்ரூ, ஒயர், கரண்ட் எடுக்கும் தகடு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் முடிய வேண்டும். பெட்டியும் ரசீதும் சேர்ந்தே இருக்கிற அரிய மாடல் என்றால் அதை அலமாரியில் விட்டுவிட்டு, சாதாரண எஞ்சின் ஒன்றில் கைவையுங்கள்.

நிஜ ரயிலிலும் இதற்கு உதாரணம் உண்டு. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் நிலக்கரியில் ஓடியவை. பிறகு பொன்மலைப் பணிமனையின் கைவண்ணத்தில் சில எஞ்சின்கள் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாறின. நெருப்புக்கான தீனிதான் மாறியது. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகிற அழகு மாறவில்லை. நம் வேலையும் அதே கதைதான்.

அடுத்து, இடம் போதுமா என்று அளந்து பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் ஹெச்ஓ அளவு என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் ஊர் டபிள்யூஏபி-4 மின்சார எஞ்சினின் நீளம் சுமார் 18.8 மீட்டர், ஹெச்ஓவில் அது 21.6 சென்டிமீட்டர். உடம்பு முழு அகலமாக இருப்பதால் உள்ளே தாராளமாக இடம் இருக்கும். ஒல்லியான மூக்கு வைத்த டீசல் எஞ்சினிலும் குட்டி நீராவி எஞ்சினிலும் இடம் கிடைக்காது. அப்போது பேட்டரியை அடுத்த பெட்டியில் வைத்து, மெல்லிய ஒயரை எஞ்சினுக்கு இழுக்கலாம்.

என்னென்ன வேணும்?

* ஈஎஸ்பி 32 வகை போர்டு. வைஃபை, புளூடூத் இரண்டும் இதிலேயே உண்டு. சி3 மினி போர்டு தபால் தலை அளவுதான்.
* டிஆர்வி 8833 மோட்டார் டிரைவர். 2.7 முதல் 10.8 வோல்ட் வரை தாங்கும். ஒரு மோட்டாருக்குத் தொடர்ச்சியாக 1.5 ஆம்பியர்.
* 500 எம்ஏஹெச் அளவில், பாதுகாப்பு சர்க்யூட் உள்ள 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று.
* வோல்டேஜை உயர்த்தும் எம்டி 3608 பூஸ்டர் மாட்யூல்.
* டிபி 4056 சார்ஜிங் போர்டு, ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச்.
* மல்ட்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், மெல்லிய ஒயர், ஹீட் ஷ்ரிங்க் டியூப்.

படிப்படியாகச் செய்யலாம்

1. மோட்டாரைச் சோதியுங்கள். மல்ட்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, மோட்டாரோடு தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுங்கள். ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை ஒரே ஒரு நொடி பிடித்து நிறுத்திப் பாருங்கள். அப்போது காட்டும் எண்தான் ஸ்டால் கரண்ட். அது 1.5 ஆம்பியருக்கு மேல் போனால் இந்த டிரைவர் போதாது. பழைய கிரீஸ் இறுகியிருந்தாலும் அப்படிக் காட்டும். சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்.

2. மோட்டாரைத் தனிமைப்படுத்துங்கள். இந்த வேலையிலேயே முக்கியமானது இதுதான். பல பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை நேராக உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். மோட்டாரின் இரண்டு முனைகளும் சட்டத்தையோ சக்கரத்தையோ எங்கேயும் தொடக் கூடாது. மல்ட்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். பீப் வந்தால் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை விட்டுவிட்டு ஒயர் மாட்டினால் டிரைவர் புகைந்துவிடும்.

3. பூஸ்டரை முதலில் 9 வோல்ட்டில் நிறுத்துங்கள். அதிலுள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி, மீட்டரில் 9 வந்த பிறகுதான் டிரைவரோடு இணைக்க வேண்டும். 12 வோல்ட் வைத்தால் டிஆர்வி 8833-ன் எல்லை தாண்டிவிடும். 9 வோல்ட்டில் வேகம் கொஞ்சம் குறையும். வரவேற்பறையில் ஓடும் ரயிலுக்கு அது போதும்.

4. ஒயர்களைச் சேருங்கள். பேட்டரியிலிருந்து சுவிட்ச். சுவிட்ச்சிலிருந்து ஒரு கிளை பூஸ்டர் வழியாக மோட்டார் டிரைவருக்கு. இன்னொரு கிளை நேராக ஈஎஸ்பி போர்டின் 5 வோல்ட் பின்னுக்கு. 9 வோல்ட்டைத் தவறியும் போர்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா மைனஸும் ஒன்றாகச் சேர வேண்டும். டிரைவர் அசையாமல் கிடந்தால் அதன் ஸ்லீப் பின்னைப் பாருங்கள். சில மாட்யூல்களில் அதை 3.3 வோல்ட்டோடு இணைத்தால்தான் விழிக்கும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால், தீப்பொறி கிளப்பும் ரேடியோ இரைச்சல் அடங்கும்.

5. ஆன்டெனாவுக்கு இடம் விடுங்கள். எஞ்சினுக்குள் பாரத்துக்காக வைத்திருக்கும் உலோகத் துண்டு ரேடியோ அலையை மறைக்கும். போர்டின் ஆன்டெனா முனை, டிரைவர் கேபின் பக்கம் பிளாஸ்டிக்குக்கு அடியில் இருக்கட்டும்.

6. புரோகிராமை ஏற்றுங்கள். ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுதி ஏற்றலாம். போர்டு தானே ஒரு வைஃபை வலையை உருவாக்கும்; அதில் செல்போனை இணைத்தால் ரிமோட் ரெடி. இன்டர்நெட் வேண்டாம், மலையில் டவர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. மூன்று விஷயங்கள் கட்டாயம். வேகம் படிப்படியாக ஏற வேண்டும். சிக்னல் ஒரு நொடி அறுந்தாலும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கினால் வண்டி ஓரங்கட்ட வேண்டும். மோட்டார் ‘ங்ங்’ என்று முனகினால், துடிப்பு வேகத்தை 20 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்த்திப் பாருங்கள். அது நம் காதுக்குக் கேட்காத எல்லை.

மோட்டார் 9 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 500 எம்ஏஹெச் பேட்டரி சுமார் அரை மணி நேரம் வரும்.

பேட்டரியிடம் விளையாட்டு வேண்டாம்

கடையில் வரும் டிபி 4056 போர்டு 1 ஆம்பியர் வேகத்தில் சார்ஜ் ஏற்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். 500 எம்ஏஹெச் பேட்டரிக்கு அது மிக அதிகம். பேட்டரி சூடாகும், உப்பும், தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. போர்டிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் போட்டால், சார்ஜ் வேகம் சுமார் 250 மில்லி ஆம்பியராக இறங்கும். அதுதான் சரியான அளவு. சின்ன மாற்றம்தான், அதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

பேட்டரியிலுள்ள பாதுகாப்பு சர்க்யூட் 3 வோல்ட்டுக்கும் கீழே போன பிறகுதான் துண்டிக்கும். அதனால் 3.5 வோல்ட் எல்லையைப் புரோகிராமில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது வண்டி ஓடாதபடி சுவிட்ச்சை அமையுங்கள். ஆள் இல்லாதபோதும், ராத்திரி தூங்கும்போதும் சார்ஜில் போடாதீர்கள். மெத்தை, பேப்பர் மேல் வேண்டவே வேண்டாம். தரையோ ஓடோ நல்லது. உப்பிய பேட்டரியை உடனே கழற்றுங்கள். குப்பையில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதையே சொல்கின்றன. சால்டரிங், சார்ஜிங் இரண்டும் பெரியவர்கள் வேலை. ஓட்டுவது மட்டும் பிள்ளைகள் வேலை.

ரெடிமேட் ரிமோட் வாங்கலாமா?

வாங்கலாம், அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ், குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். வைஃபை, புளூடூத், பெரும்பாலான ரிமோட் கார்கள் எல்லாம் இதில்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் சில ரிமோட்டுகள் 915 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். அது இங்கே செல்போன் சேவைக்கு ஒதுக்கிய பகுதியை ஒட்டியது. ஆசைக்காக அதை ஆன் பண்ணிவிடாதீர்கள்.

இனி நீங்கதான் லோகோ பைலட்!

எல்லாம் முடிந்ததும் ஒரே முறுக்காக முறுக்கி ஓட விடாதீர்கள். நிஜ எஞ்சின் நூற்றுக்கணக்கான டன்னை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் கிளம்பும். 0-விலிருந்து முழு வேகத்துக்கு 10 விநாடி, நிற்க 8 விநாடி என்று புரோகிராமில் வைத்துப் பாருங்கள். பொம்மைக்கு எடை வந்தது போல இருக்கும். ஸ்டேஷனில் சரியாக நிறுத்துவது ஒரு கலையாகிவிடும். ‘எனக்கு ஒரு ரவுண்டு’ என்று வரிசையில் முதலில் நிற்பது அனேகமாக வீட்டுப் பெரியவர்களாகத்தான் இருக்கும்.

எப்படியெல்லாம் மாடல் ரயில் ஓட்டலாம் என்று பார்க்க ஆசையா? சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும், புனேயில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்கும் குழந்தைகளோடு ஒருமுறை போய்வாருங்கள். 

ஏற்காடு எக்ஸ்பிரஸ் மலை ஏறப்போவதில்லை. ஆனால், இந்த விடுமுறையில் கரடியூர் வீட்டுத் திண்ணையில், மேஜைக் காலைச் சுற்றி, மிளகு காயும் முறத்தை ஒட்டி ஒரு ரயில் ஓடலாம். பரணில் ஏறிப் பெட்டியை இறக்குங்கள். முதல் வேலை, அந்த மோட்டார் சுற்றுகிறதா என்று பார்ப்பது.