ஏழு நாள் லீவும் சுருங்கின இரைப்பையும்

1954இல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியம் நடந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிறெமென், லினர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாப்பாடு சிறுகுடலின் பெரும்பகுதிக்குள் போகாமல் தாண்டிப் போகிற மாதிரிக் குடலை மாற்றித் தைப்பது பற்றியது அது. உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதே வருடம் இலங்கையில் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வந்தது. கடையில் நிற்கிறவருக்கு வருடத்துக்கு 7 நாள் தற்செயல் லீவு, 14 நாள் வருடாந்த லீவு என்று எழுதிக் கொடுத்த சட்டம். எழுபது வருடம் கழித்து இந்த இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் வந்து சந்திக்குது.

கடை என்பது எங்கட தீவாருக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் என்று எந்தப் பக்கம் கேட்டாலும், கொழும்பிலோ வேறு தென்னிலங்கைப் பட்டினத்திலோ கடை வைத்திருந்த ஒரு பேரனார் இருப்பார். கடை வைக்காதவர் கடையில் நின்றிருப்பார். பொடியன்கள் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டிட்டுப் போனார்கள். சாப்பாடும் கடையில்தான், படுக்கையும் கடையில்தான், மூட்டை தூக்கிறதும் அவர்கள்தான். வருடப்பிறப்புக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது ஒருவன் கொஞ்சம் தடிச்சு வந்தால் முதலாளி நல்லவர், வியாபாரம் நல்லம் என்று அர்த்தம். உடம்பே ஒரு கணக்குக் கொப்பி மாதிரி.

பிறகு 1958, 1977, 1983. கடைகள் எரிந்தன. 1990இல் தீவுப்பகுதியில் பெரும்பாலான சனம் இடம்பெயர்ந்தது. வடக்கு முழுக்கப் பொருளாதாரத் தடை. அந்தக் காலத்தில் மெலிந்தவர்கள் விரும்பி மெலியவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் மெலிந்து கண்டால் எங்கட ஆக்கள் முதலில் கேட்கிறது, "என்ன மெலிஞ்சு போனாய், ஏதும் வருத்தமோ?" என்று. இதை நான் வெறும் நாகரிகக் குறைவு என்று பார்க்கமாட்டேன். அந்தக் கேள்விக்குள்ள ஒரு பஞ்சம் இருக்குது. ஆனால் ஒப்பரேசன் செய்து நாலு கிழமையில் வேலைக்குத் திரும்புகிறவருக்கு அதே கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துப்பேரிடம் கேட்கவேண்டி வருவதுதான் பிரச்சினை. உண்மையைச் சொன்னால், "சாப்பாட்டைக் குறைச்சிருக்கலாமே, இதுக்கு ஏன் வெட்டினனி?" என்று இரண்டாவது கேள்வி வரும்.

சாப்பாட்டைக் குறைச்சிருக்கலாமே என்பவர்களுக்கு எட்வேட் மேசனின் கதையைச் சொல்லலாம். அயோவாப் பல்கலைக்கழகத்தில் இருந்த மேசன் ஒன்றைக் கவனித்தார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நோயாளிகள் மெலிந்து போனார்கள், திரும்ப எடை கூடுவதற்குக் கஷ்டப்பட்டார்கள். மற்ற வைத்தியர்களுக்கு அது பின்விளைவு. மேசன் அதையே சிகிச்சை ஆக்கினார், 1966இல். மினசோட்டாக்காரரின் குடல் முறை ஈரலைப் பாதித்து, தீராத வயிற்றோட்டம் தந்து, நாளடைவில் கைவிடப்பட்டது. மேசனின் வழிதான் வளர்ந்தது. இப்போது பரவலாகச் செய்கிற இன்னொரு முறையில் இரைப்பையை நெடுக்காக வெட்டி ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாக்குகிறார்கள். இரைப்பை சிறுப்பது பாதிக் கதைதான், பசியைத் தூண்டுகிற ஓமோன்களும் மாறுகின்றன. மனஉறுதி இல்லாதவர் தேடுகிற குறுக்குவழி என்று இதைச் சொல்கிறவர்கள் அந்தப் பாதியைப் பார்க்கிறதில்லை.

சொல்லும் எங்களிடம் இல்லை. 1860களில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தபோது சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு இந்தச் சிகிச்சையை ஊரில் "கொழுப்பு எடுக்கிற ஒப்பரேசன்" என்கிறார்கள். அது பிழை. இதில் கொழுப்பை எடுக்கிறதே இல்லை.

வேலைக்குத் திரும்புகிற விசயத்துக்கு வருவோம். மேசை வேலை என்றால் பொதுவாக இரண்டு முதல் நாலு கிழமை. பாரம் தூக்கிற வேலை என்றால் ஆறு கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்வார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்தில் 45 நாள் லீவு இருக்கிறது, ஒருமாதிரிச் சமாளிக்கலாம். கடைக்காரப் பொடியனுக்கு 7உம் 14உம் சேர்த்து 21 நாள், அதுவும் முந்தின வருடம் ஒழுங்காக வேலை செய்து சேர்த்திருந்தால். இருபத்திரண்டாம் நாள் அரிசி மூட்டை அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதே உடம்பு, இதே வெட்டு, ஆனால் தொழிலைப் பொறுத்துச் சுகப்படுகிற காலம் வேறு. இது வைத்தியக் கணக்கு இல்லை, வர்க்கக் கணக்கு.

நெடுந்தீவில் வேலை செய்கிற ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடல். கடல் கொந்தளித்தால் சத்தி. முதல் மாதங்களில் அவருடைய பெரிய வேலையே உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்க்கிறது, மிடறு மிடறாக, சாப்பாட்டோடு சேர்க்காமல் குடிக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் பத்து மணிக்குச் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி வரும். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. குடித்தால், குறிப்பாகக் குடலை மாற்றித் தைத்தவர்களுக்கு, சீனி விறுக்கென்று குடலுக்குள் இறங்கி வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றும். மூன்றாம் நாலாம் மாதத்தில் தலைமயிர் வேறு கொட்டத் தொடங்கும். பிறகு ஆயுள் முழுக்க விற்றமின், இரும்புச்சத்து, இரத்தப் பரிசோதனை. அதற்கும் படகு ஏறவேண்டும், அதற்கும் லீவு எடுக்கவேண்டும்.

புலம்பெயர்ந்த தீவாருக்கும் இந்தக் கதை தெரியும். பிரித்தானியாவின் வழிகாட்டலில் தெற்காசியருக்கு உடற்திணிவுச் சுட்டி எல்லையை 2.5 குறைத்தே கணக்கெடுக்கிறார்கள், எங்கட உடம்புக்கு நீரிழிவு குறைந்த எடையிலேயே வருவதால். அங்கேயும் பலர் திரும்பிப் போகிறது ஒரு கடைக்குத்தான்.

இவர்களுக்குத் தேவையானது பெரிய காரியமும் இல்லை. மத்தியானம் ஒரு பெரிய இடைவேளைக்குப் பதிலாக இரண்டு மூன்று பத்து நிமிடங்கள், ஆறு கிழமைக்கு மூட்டை இல்லாத வேலை, சீனி போடாத ஒரு தேத்தண்ணி. ஆறு கிழமைக்கு அந்த மூட்டையை யார் தூக்குவது என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. இப்போதைக்கு அது முதலாளியின் மனதைப் பொறுத்தது.