செவி நரம்பைத் தொட்ட கம்பி

1800இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா தன் இரு காதுகளிலும் உலோகக் கம்பிகளைச் செருகி, தானே உருவாக்கிய மின்கல அடுக்கோடு இணைத்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பின்பு கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற சத்தம். ஆபத்து என்று அஞ்சி மறுபடி முயலவில்லை.

நரம்பின் மொழியே மின்துடிப்புதான். சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாயும்போது அது பிறக்கிறது. உட்செவியின் நத்தைச் சுருளில் உள்ள மயிரணுக்கள் ஒலியை அந்தத் துடிப்பாக மாற்றித் தருகின்றன. அவை அழிந்தாலும் நரம்பு பெரும்பாலும் உயிரோடிருக்கும். இந்த உண்மைதான் பின்னால் வந்த அத்தனைக்கும் அடித்தளம்.

1957இல் பாரிசில் ஜூர்னோவும் எய்ரியேவும் கேட்கும் திறனை முற்றிலும் இழந்த ஒருவரின் செவி நரம்பருகே மின்சுருள் ஒன்றைப் பொருத்தினார்கள். சிள்வண்டு ஒலி போல ஏதோ கேட்கிறது என்றார் அவர். சில சொற்களைப் பிரித்தறியவும் பழகினார். கருவி சீக்கிரமே பழுதானது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

நத்தைச் சுருளின் அடிப்பகுதி கீச்சொலியையும் உச்சி கனத்த ஒலியையும் உணரும். ஆகவே பல மின்முனைகள் வேண்டும். சுருளுக்குள் அவற்றை எப்படி நுழைப்பது? காது கேளாத தந்தைக்கு மகனாகப் பிறந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், 1977இல் கடற்கரையில் கிடந்த சங்கு ஒன்றில் புல்லிதழை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்து, அடி விறைப்பாக இருந்ததால் புல் உள்ளே சுருண்டு போனது. மறு ஆண்டே மெல்பர்னில் பல மின்முனைகள் கொண்ட செவிக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. இன்று தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இந்தக் கருவி பொருத்தப்படுகிறது.