சிசிடிவியின் முதல் 'சி'

சிசிடிவியில் முதல் 'சி' என்றால் 'குளோஸ்டு', மூடிய சுற்று. அனலாக் கேமராவின் கேபிள் நேராக ரெக்கார்டருக்குப் போகும். படம் கடையைத் தாண்டாது. 1996-ல் ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் நெட்ஐ 200 என்ற முதல் நெட்வொர்க் கேமராவைக் கொண்டுவந்தது. பெரிய படம் ஒன்றை அனுப்பவே அதற்கு 17 வினாடி ஆகும். திருடன் தெருமுனையைத் தாண்டியிருப்பான்!

வேகம் பிறகு வந்தது, கூடவே ஆபத்தும். 2016 அக்டோபரில், ஆலையில் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் மிராய் என்ற நிரல் வளைத்துப்போட்டு, டைன் நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் தடுமாறின. சில கருவிகளில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றவே வழியில்லை.

அனலாக்கிலிருந்து மாறுகிறவர்கள் "எத்தனை மெகாபிக்சல்?"னுதான் முதல்ல கேக்குறாங்க. நான் கேட்கச் சொல்வது வேறு: பாஸ்வேர்டை மாத்த முடியுமா? அப்டேட் எத்தனை வருஷம் வரும்? மூடிய சுற்றைத் திறந்தாச்சு. பூட்டு நாமதான் போடணும்.