முதியோர் பராமரிப்புச் செலவும் குடும்பச் சொத்தும் (அமெரிக்கா)

அமெரிக்காவில், உடலோ நினைவோ தளர்ந்துபோன முதியவரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஆயுளெல்லாம் சேர்த்ததை இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைத்துவிடும். 2024 கணக்கெடுப்பு ஒன்றின்படி தனி அறைக்கான இடைநிலைக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,27,750 டாலர். இதிலிருந்து வீட்டையும் சேமிப்பையும் காப்பாற்றக் குடும்பங்கள் தேடிய வழிகளும், அவற்றை அடைக்க அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களும் அறுபது ஆண்டுகளாக ஒன்றையொன்று துரத்தி வருகின்றன.

ஆதரவற்ற முதியோர் ஒருகாலத்தில் உள்ளாட்சிகள் நடத்திய ஏழை விடுதிகளில் கிடந்தார்கள். அவற்றை ஒழிக்க விரும்பிய 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம், அரசு விடுதிகளில் இருப்போருக்கு உதவித்தொகை தர மறுத்தது. முதியோர் தனியார் இல்லங்களை நாடியதால் அத்தொழில் வளர்ந்தது. 1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து இரு திட்டங்கள் பிறந்தன: 65 வயதைக் கடந்தோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஏழைகளுக்கான உதவியான மெடிகெய்டு. மருத்துவமனையிலிருந்து வந்தவரின் தேறுதல் சிகிச்சைக்கு மெடிகேர் அதிகபட்சம் 100 நாள் வரை பணம் தரும். குளிப்பாட்ட, உடை மாற்ற, சோறு ஊட்ட ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டியிருப்பதற்கு அதில் இடமில்லை. அதற்குக் கைகொடுப்பது மெடிகெய்டுதான். அதைப் பெறவோ கணக்கில் வரும் சொத்து, பெரும்பாலான மாநிலங்களில் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. நடுத்தரக் குடும்பம் முதலில் ஏழையாக வேண்டும், பிறகுதான் உதவி. இந்த அமைப்பின் அடிப்படைக் கோளாறு இதுவே. பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் இதில் முளைத்தவை.

சொத்தைப் பிள்ளைகள் பேரில் எழுதிவைத்துவிட்டு மெடிகெய்டுக்கு விண்ணப்பிப்பது முதல் வழியாக இருந்தது. 1982 சட்டம், விண்ணப்பத்துக்கு முந்தைய 24 மாதங்களில் நடந்த தானங்களுக்காக உதவியை நிறுத்திவைக்க மாநிலங்களை அனுமதித்தது. 1986-இல் ஒருவர் தமக்காகவே டிரஸ்ட் அமைத்துப் பணத்தை ஒதுக்கும் முறைக்குக் கட்டுப்பாடு வந்தது.

இவ்வரலாற்றில் மனிதநேயம் மிக்க திருத்தம் 1988-இல் வந்தது. அதுவரை கணவர் இல்லத்தில் சேர்ந்தால், அவர் பேரில் இருந்த சேமிப்பும் ஓய்வூதியமும் அவருடைய பராமரிப்புக்கே போகும். வீட்டில் தனித்திருக்கும் மனைவி கைச்செலவுக்கும் வழியின்றி நிற்பார். சொத்தைப் பிரித்துக்கொள்வதற்காகவே விவாகரத்து செய்துகொண்ட தம்பதியரும் உண்டு. வீட்டில் இருக்கும் துணைவருக்குச் சேமிப்பில் ஒரு பங்கையும் மாத வருமானத்தில் ஒரு பகுதியையும் புதிய சட்டம் ஒதுக்கியது. அந்தப் பங்கின் உச்சவரம்பு 2025-இல் 1,57,920 டாலர். இந்தப் பாதுகாப்பு தப்பிப் பிழைத்ததே ஆச்சரியம். அதைக் கொண்டிருந்த மருத்துவச் சட்டம் வசதியான முதியோர் மீது கூடுதல் வரி விதித்ததால் எதிர்ப்பு மூண்டது. 1989 ஆகஸ்டில் சிகாகோவில், நாடாளுமன்ற வரிக்குழுத் தலைவர் டான் ராஸ்டென்கோவ்ஸ்கியின் காரை முதியோர் மறித்துக் கூச்சலிட்டார்கள். அவர் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே சட்டத்தின் பெரும்பகுதி ரத்தானது. துணைவருக்கான பாதுகாப்போ நீடித்தது.

1993-இல், இப்படித் தானங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் காலம் 36 மாதமாகவும், டிரஸ்ட்டுகளுக்கு 60 மாதமாகவும் நீண்டது. 1996-இல் நாடாளுமன்றம் எல்லை மீறி, மெடிகெய்டுக்காகச் சொத்தை மாற்றுவது சிலநேரம் குற்றமாகும் என்றது. ‘பாட்டியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம்’ என்று மக்கள் கொதித்ததும், மறு ஆண்டே தண்டனை பாட்டியிடமிருந்து, கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் பக்கம் திரும்பியது. 1998-இல் நியூயார்க் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தத் தடை விதித்தது.

உண்மையான இறுக்கம் 2006 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் இருந்தது. அதற்கு முன் நடந்த கணக்கைப் பார்க்கலாம். ஒரு தாயிடம் 2,00,000 டாலர் இருக்கிறது. இல்லத்தின் மாதக் கட்டணம் 10,000 டாலர் என்று கொள்வோம். பாதியை மகளுக்குத் தருவார். 1,00,000-ஐ 10,000-ஆல் வகுக்க, பத்து மாதம் உதவி கிடையாது. அந்தப் பத்து மாதம் தானம் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். மீதிப் பாதியால் கட்டணம் கட்டி முடிக்கையில் தடைக்காலமும் தீரும், மெடிகெய்டு வரும், மகளிடம் ஒரு லட்சம் தங்கும். 2006 சட்டம் தடைக்காலத்தின் தொடக்கத்தையே நகர்த்தியது. தாய் இல்லத்தில் சேர்ந்து, கையிருப்பு தீர்ந்து, விண்ணப்பித்த பிறகுதான் பத்து மாதம் எண்ணப்படும். கையில் காசில்லாத நேரத்தில்தான் உதவியும் நிற்கும். பின்னோக்கிப் பார்க்கும் காலம் எல்லாத் தானங்களுக்கும் ஐந்தாண்டாயிற்று. பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கள்ளமின்றிக் கொடுத்த பணமும் இதில் சிக்கக்கூடும். ஐந்தாண்டுக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து டிரஸ்ட் எழுத வசதியுள்ளவர் தப்பிக்கிறார். திடீரெனப் பக்கவாதம் வந்தவர் மாட்டிக்கொள்கிறார்.

ஆனாலும் ஒரு நல்ல விலக்கு நிற்கிறது. பெற்றோர் இல்லத்தில் சேரும் முன் குறைந்தது இரண்டு ஆண்டு அதே வீட்டில் தங்கிப் பணிவிடை செய்து, அதனால் அவர்கள் இல்லம் புகுவதைத் தள்ளிப்போட்ட மகனுக்கோ மகளுக்கோ வீட்டை எழுதிக் கொடுத்தால் தடைக்காலம் கிடையாது.

தனியார் பராமரிப்புக் காப்பீடு எதிர்பார்த்த தீர்வாகவில்லை. பலர் பாலிசியைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று நம்பி நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைவாக வைத்தன. மக்கள் விடவில்லை, வட்டியும் சரிந்தது. விளைவாக, எண்பது வயதில் பலருக்குப் பிரீமியம் பலமடங்கானது. 2010-இல் எட்வர்ட் கென்னடியின் முயற்சியால் இயற்றப்பட்ட தேசியத் தன்விருப்பக் காப்பீடு, நடைமுறைக்கு வராமலே 2013-இல் ரத்தானது. வாஷிங்டன் மாநிலம் 2023 முதல் சம்பளத்தில் 0.58 விழுக்காடு பிடித்து, ஆளுக்கு 36,500 டாலர் வரை தரும் பொதுநிதியை உருவாக்கியது. 2024 வாக்கெடுப்பில் மக்கள் அதைக் காத்தனர். கலிஃபோர்னியா 2024-இல் மெடிகெய்டுக்கான சொத்து வரம்பையே நீக்கி, நிதி நெருக்கடியால் 2026-இல் அதை 1,30,000 டாலராக மீண்டும் கொண்டுவந்தது.

மெடிகெய்டு பெற்றவர் இறந்தபின் அவருடைய வீட்டை விற்று அச்செலவைத் திரும்பப் பெறுவதை 1993 சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. 55 வயதுக்குப் பின் பெற்ற பராமரிப்புச் செலவுக்கு இது பொருந்தும். துணைவர் உயிருடன் இருக்கும்வரை வீட்டைத் தொட முடியாது. 2019-இல் நாடு முழுவதும் இப்படி வசூலானது சுமார் 73 கோடி டாலர். நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் ஒரு விழுக்காடுகூட இல்லை. இதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்று நாடாளுமன்றத்தின் ஆலோசனை ஆணையம் 2021-இல் பரிந்துரைத்தது, சட்டம் மாறவில்லை. இவ்வளவு சொற்பத் தொகைக்காக, வேறு எதுவுமில்லாத குடும்பத்தின் ஒரே வீட்டைக் கேட்கும் அப்பிரிவு நீக்கப்பட வேண்டியதே.