கொலம்பியாவின் விளக்குகள்

கடலோடிகள் புயலுக்கு அஞ்சியது போலவே தீக்கும் அஞ்சினர். மரத்தளங்களுக்கிடையே எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில் அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், 1880 ஆம் ஆண்டு அமெரிக்காவின் செஸ்ரர் நகரிற் கட்டப்பட்ட ‘கொலம்பியா’ என்னும் நீராவிக் கப்பலுக்கு மின்விளக்கு வேண்டுமென ஹென்றி வில்லார்ட் என்பார் விரும்பியபோது, அச்சம் தணியவில்லை, பெருகியது. மின்சாரமே தீ மூட்டிவிடும் என்றெண்ணிய கப்பல் கட்டுநர் ஜோன் ரோச், அதற்கு இசையவில்லை. எனவே, கப்பல் நியூயோர்க்கை அடைந்தபின் தோமஸ் எடிசனின் ஆட்களே கம்பிகளைப் பொருத்தினர்.

அக்கால ஒழுங்கு விசித்திரமானது. நீராவி எந்திரங்கள் தோற்பட்டிகளால் டைனமோக்களைச் சுழற்றின. பயணியின் அறையிலே விளக்கு இருந்தது. அதனை ஏற்றி அணைக்கும் ஆளியோ அறைக்கு வெளியே, பணியாளன் கையில் இருந்தது. கப்பல் தென் அமெரிக்காவைச் சுற்றிச் சன் பிரான்சிஸ்கோவை அடைந்தபோது, 115 விளக்குகள் 415 மணி 45 நிமிட நேரம் எரிந்தும் ஒன்றேனும் பழுதுறவில்லை எனத் தலைமைப் பொறியியலாளர் அறிவித்தார்.

புதுமையிற் பெற்ற வெற்றி முதுமையிலும் நிலைக்குமா? கடற்கப்பலில் மின்பொறிக்குப் பகை பல. உப்புக் காற்று செம்பை அரிக்கும். ஈரம் பருத்தி உறையினுட் புகுந்து மின்னோட்டத்தைக் கசியவிடும். ஓயாத அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தும். தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடு தீயாகும். டைனமோவின் தூரிகைகள் நாடோறும் தேயும். ஆகவே துடைத்தல், இறுக்குதல், தேய்ந்ததை மாற்றுதல் என்னும் சிறு பணிகளே கப்பலைக் காத்தன. இவற்றைச் செய்தவர் பெயர்களை வரலாறு பெரிதும் குறித்துவைக்கவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1895 ஆம் ஆண்டு கப்பல் செப்பனிடப்பட்டபோது, எடிசனின் பழைய டைனமோக்கள் அகற்றப்பட்டுப் புதியவை பொருத்தப்பட்டன. அகற்றப்பட்டவற்றுட் சில அருங்காட்சிச்சாலையைச் சேர்ந்தன.

1907 ஆம் ஆண்டு யூலை 21 ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கலிபோர்ணியாக் கரைக்கப்பால் மூடுபனியிடையே ‘சான் பெத்ரோ’ என்னும் மரக்கப்பலுடன் மோதிச் சில நிமிடங்களுட் கொலம்பியா மூழ்கியது. 88 உயிர்கள் மாண்டன. ரோச் அஞ்சிய தீ அதனை அழிக்கவில்லை. கப்பல் கடலடியிற் கிடக்க, காலமறிந்து இளைப்பாற்றப்பட்ட அதன் முதற்பொறிகள் கரையிலே எஞ்சின. பழையதைப் பேணுதல் அறிவு. அதனை எப்போது மாற்றுவதென அறிதலும் அப்பேணலின் ஒரு பகுதியே.