லண்டனுக்குப் போன தோலும் அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகளும்

நம்ம பக்கம் கல்யாண வீடுகளில் இப்போது இரண்டு பேச்சுதான். பையன் எந்த நாட்டில் இருக்கிறான், விசா என்ன ஆயிற்று. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கு போனாலும் இதே போல வெளிநாட்டுப் பேச்சுதான். அப்போது கேட்டது, "லண்டனில் தோல் என்ன விலை?" ஆம்பூரில் ஒரு டேனரியின் ஏற்றுமதிப் பிரிவில் 1972 முதல் 36 வருஷம் காகிதம் பார்த்தவன் நான். அதனால் கம்ப்யூட்டர் புரோகிராமர்களின் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோலின் கதைதான் ஞாபகம் வரும்.

நாங்கள் அன்று அனுப்பியது முழுதாக முடித்த தோல் அல்ல. ஆவாரம் பட்டையில் பதனிட்டது. பிற்பாடு வாட்டில் பட்டை வந்தது. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று பெயர், சுருக்கமாக ஈ.ஐ. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி லண்டன் போகும். சாயம் ஏற்றுவது, மெருகு போடுவது, ஷூவாகத் தைப்பது எல்லாம் அங்கே. சுண்ணாம்புக் குழியும் நாற்றமும் பாலாற்றில் கலந்த கழிவும் நமக்கு. விலை சொல்வது அவர்கள்.

1972-ல் சீதாராமய்யா குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அதன்பேரில் 1973-ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடை செய்தது. பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா வைத்தது. முடித்த தோலாகவோ பொருளாகவோ அனுப்பு, சலுகை தருகிறேன் என்றது. எங்கள் ஆபீசில் அன்று இருந்த கலவரம் உங்களில் சிலருக்கும் நினைவிருக்கும். மெஷின் வாங்க வசதியில்லாத சின்ன டேனரிக்காரர்கள் பலர், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்களாக மாறினார்கள். நேற்று வரை முதலாளி, இன்று ஜாப் வொர்க். இந்தத் தொழிலின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கட்டாயம் இல்லாமல் போயிருந்தால், ஷூவின் மேல்பாகமான அப்பரும், அப்புறம் முழு ஷூவும் ஆம்பூரில் இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. காலையில் சுற்றுவட்டார கிராமத்துப் பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் அந்த 1973-ல் இருந்துதான் புறப்பட்டன என்று நான் சொல்வேன்.

இதே காலகட்டத்தில்தான் மென்பொருள் ஏற்றுமதியும் தொடங்கியது. 1968-ல் பிறந்த டாடா கன்சல்டன்சி 1974-ல் பர்ரோஸ் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டரை இறக்குமதி செய்தது. அந்நியச் செலாவணிக்குப் பஞ்சமான காலம். கம்ப்யூட்டர் வேண்டுமா, அதற்கு ஈடாக மென்பொருளை ஏற்றுமதி செய்து டாலர் கொண்டு வா என்பது அரசு விதி. ஆனால் மென்பொருளை எப்படி அனுப்புவது? ஆளை அனுப்புவதுதான் வழி. வாடிக்கையாளர் ஆபீசில் உட்கார்ந்து, அவர் சொன்னதை எழுதி, மணிக் கணக்கில் கூலி. 'பாடி ஷாப்பிங்' என்று அதற்கு ஒரு பெயரே வந்தது. பச்சைத் தோலை அனுப்பாதே என்ற அதே டெல்லி, பிள்ளைகளைப் பச்சையாக அனுப்பினால் டாலர் வருகிறதே என்று பேசாமல் இருந்துவிட்டது.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கடை திறந்து, செயற்கைக்கோள் வழியாக வேலையை அனுப்பிக் காட்டியது. அதன் பிறகு ஆள் இங்கேயே இருக்கலாம், வேலை மட்டும் போகலாம் என்றானது. நியூயார்க்காரன் தூங்கப் போகும்போது நம் பிள்ளை வேலைக்கு உட்காருவான். காட்பாடியில் 1984-ல் தொடங்கிய வேலூர் என்ஜினீயரிங் காலேஜ், அதாவது இன்றைய விஐடி, இதற்குச் சரியான நேரத்தில் வந்தது.

அப்புறம் வந்தது ஒய்டூகே. பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்தார்கள். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் அதை 1900 என்று எண்ணிவிடும் என்று பயம். திருத்த கோபால் தெரிந்த ஆட்கள் வேண்டும். என் தங்கை மகன் மெட்ராஸில் மூன்று மாதம் கோபால் படித்துவிட்டு 1998-ல் நியூஜெர்சி போனான். 1990-ல் அமெரிக்கா கொண்டுவந்த எச்-1பி விசா முதலில் வருஷத்துக்கு 65,000 தான். ஆள் தேவை ஏற ஏற, 2001-ல் அது 1,95,000 ஆனது. ஆனால் அதற்குள் டாட்காம் கம்பெனிகள் சரிந்துவிட்டன. அங்கே அவனை வேலையில்லாமல் 'பெஞ்சில்' உட்கார வைத்தார்கள். விலை போகாத தோலை உப்புப் போட்டுக் குடோனில் அடுக்கி வைப்போமே, அது போலத்தான். 2002-ல் பெட்டியோடு ஆம்பூர் வந்து சேர்ந்தான். மனை வாங்கிய கடன் அப்படியே நின்றது. நிச்சயம் செய்த பெண் வீட்டார் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து மெட்ராஸில் வேலை கிடைத்து, கல்யாணமும் நடந்தது, அது வேறு இடத்தில். 2004-ல் விசா எண்ணிக்கை மறுபடி 65,000-க்கு இறங்கியது. அங்கேயே மேல்படிப்புப் படித்தவர்களுக்குத் தனியாக 20,000.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். 2015-ல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி கம்பெனியின் கம்ப்யூட்டர் ஊழியர்கள் சுமார் 250 பேருக்கு வேலை போனது. போவதற்கு முன், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களில் பலர் வேலை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகள் உண்டு. அந்தச் செய்தியைப் படித்தபோது லண்டன் பெர்மாண்ட்ஸி ஞாபகம் வந்தது. தோலுக்குப் பேர்போன பேட்டை. அங்கிருந்த பழைய லெதர் மார்க்கெட் கட்டடத்தில் இன்று ஆபீஸ்கள் இருக்கின்றன.

தோலில் நாம் மேலே ஏறினாலும் சட்டம் போட்டவன் வாங்குபவன்தான். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் தோலில் பிசிபி என்ற மருந்து போடுவோம். 1989 கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்ததும் எங்கள் கம்பெனியில் அவசர அவசரமாக மருந்தை மாற்றினோம். அடுத்து ஆசோ சாயங்கள். ஷூ முழுசாக இங்கே தைத்தாலும் அதில் அடிக்கும் பெயர் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனியின் பெயர்தான்.

மென்பொருளில் தன் பெயரிலேயே சரக்கு விற்கிற ஆட்களும் நம்மிடம் வந்தார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பெனி ஜோஹோ ஆனது. 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் திறந்தது. அதைக் கேட்டபோது, தென்காசியில் முடிந்தது ஆம்பூரில் முடியாதா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரியை அமலாக்கியது. ஆம்பூரில் அமெரிக்க ஆர்டர் வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. மூன்றே வாரம் கழித்து, செப்டம்பர் 19 அன்று, புது எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு. தங்கை மகனைக் கேட்டேன், உங்கள் ஆபீசில் என்ன சொல்கிறார்கள் என்று. "வேலையை வியட்நாமுக்கும் போலந்துக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள் மாமா" என்றான். நம்ம ஷூவுக்கும் வியட்நாம்தான் பெரிய போட்டி.