நரம்பகஞ்சுரப்புக் கட்டிகளும் தோட்டத்து நோயேடும்

ஒரு நோய் வரலாற்றில் இடம்பெற, அது மனித உடலில் இருந்தால் மட்டும் போதாது. அதற்கொரு பெயர் வேண்டும். அப்பெயரை எழுத ஓர் ஏடும், எழுதுவோனுக்கு ஒரு நோக்கமும் வேண்டும். மலையகப் பெருந்தோட்டங்களில் இவற்றை நிருணயித்தது உழைப்பின் தேவையே என்பதை, ஓமோன் சுரக்கும் அரிய புற்றுநோய்களை முன்வைத்து நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும் அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டுச் சட்டங்களும் தொழிலாளரின் நோயைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. குருதிச்சோகையால் நலிந்தோருக்கு இது பயனளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பலரை ஒருங்கே பிரட்டுக்களத்துக்கு வரவிடாது தடுக்கும் நோயே தோட்ட வைத்தியத்தின் கண்ணுக்கு நோயாகத் தெரிந்தது.

அக்காலத்திலேதான் ஐரோப்பாவில் வேறோர் அறிவு உருவாகிக்கொண்டிருந்தது. ‘ஓமோன்’ என்ற சொல்லை 1905இல் ஸ்ரார்லிங் வழங்கினார். 1907இல் மியூனிக் நகரில் ஒபேண்டோர்பர் சிறுகுடலிற் கண்ட சிறு கட்டிகளைப் புற்றுநோய் போன்றவை எனும் பொருளில் ‘கார்சினொயிட்’ என்றழைத்தார். அவை பரவவும் கூடியவை என 1929இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். (யூதர் என்பதால் 1933இல் நாசி ஆட்சியாற் பதவி நீக்கப்பட்ட அவர் இஸ்தான்புல்லிற் புகலடைந்து 1944இல் அங்கேயே மறைந்தார்.) இக்கட்டியிற் செரோட்டோனின் இருப்பதை 1953இல் லெம்பெக் நிறுவினார். குடலிலிருந்து வரும் செரோட்டோனினை ஈரல் சிதைத்துவிடும். கட்டி ஈரலுக்கே பரவிய பின்னர்தான் வயிற்றோட்டம், இரைப்பு, முகஞ் சிவத்தல், இதய வால்வுக் கேடு என்பன பெரும்பாலும் தலைகாட்டும்.

இவ்வறிகுறிகளைத் தோட்டத்திற் பொருத்திப் பார்ப்போம். வயிற்றோட்டத்துக்குப் பீலித் தண்ணீரும் புழுவும் காரணமாகச் சொல்லப்படும், இரைப்புக்கு மலைக்குளிர். முகச் சிவப்போ வெள்ளைத் தோலைக் கொண்டு எழுதப்பட்ட அறிகுறியாகும். கருந்தோலில் அதனைக் காண்பது அரிது. “மேலெல்லாம் காந்துது” என்று கொழுந்து பறிக்கும் பெண் சொல்லும் சொல்லே அங்கு சான்று. அச்சொல்லை யார் செவிமடுப்பர்? பாதி வேலையில் மலையைவிட்டு இறங்கினால் அரைப்பேர்தான். நோயைக் காட்டும் பரிசோதனைகளுள் ஒன்றுக்கு 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரிக்கவேண்டும். லயத்து வாழ்வில் இதுவும் எளிதன்று.

இந்திய நடிகர் இர்பான் கான் தமக்கு இந்நோய் உள்ளதென 2018இல் அறிவித்து இலண்டனிற் சிகிச்சை பெற்றார், 2020இற் காலமானார். வசதி படைத்தோர்க்கே இந்நோய் கடிதெனின், ஹற்றனிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லும் தொழிலாளியின் நிலை சொல்லாமலே விளங்கும். 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம் கிடைத்தது வரவேற்கத்தக்கதே.

எஞ்சியிருக்கும் தோட்ட மருந்தக ஏடுகளை அணுகும் ஆய்வாளர், கொள்ளைநோய் ஆண்டுகளை மட்டும் எண்ணாது, ஒரே பெயருக்கு எதிரே ஆண்டுக்கணக்காக ‘வயிற்றோட்டம்’ என வரும் பதிவுகளையும் தனியே பிரித்தெடுத்தல் வேண்டும்.